சேர்ந்து வந்தவர்களா?

(ஆதரவாளர் குடும்பக் கூடுகையில் ஒரு தம்பதியர் வாசித்த உரை)



வேறு இனத்தாரை மணந்த ஒரு குடும்பம் புதிய மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் என்னென்ன நேரிடும் என்பதைப் பேசும்படி கமிட்டியார் எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். அதற்குக் காரணத்தையும் சொன்னார்கள். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். சிலர் அங்கேயே வெள்ளையரையோ கறுப்பரையோ மணந்திருக்கிறார்கள். அவர்கள் வேலை மாறி இன்னொரு மாநிலத்துக்குப் போகிறோம் என்று போனில் சொன்னால், இங்கே பெற்றோருக்குத் தூக்கம் போய்விடுகிறது. "அந்த ஊர் எப்படியோ, அவர்களை ஏற்றுக்கொள்வார்களோ" என்ற கவலை. எங்கள் வீட்டிலும் அந்தக் கவலை இருந்தது. ஆகவே ஒப்புக்கொண்டோம்.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். எங்களில் ஒருவர் பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த நர்ஸ். மற்றவர் மினசோட்டா மாநிலத்தில் பிறந்த வெள்ளையர், பொறியாளர். 2006இல் எங்கள் திருமணம் நடந்தது. மகள் 2009இல் பிறந்தாள், மகன் 2014இல் பிறந்தான். மகளுக்கு அம்மாவின் நிறம், மகனுக்கு அப்பாவின் நிறம். இருவரும் உடன்பிறந்தவர்கள் என்று நாங்கள் சொன்னால்தான் பிறருக்குத் தெரியும். இந்த விவரம் பின்னால் தேவைப்படும், தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உரையை இருவரும் சேர்ந்து எழுதினோம். வாசிப்பது ஒருவரானாலும் "நாங்கள்" என்றே சொல்லுவோம்.

2018ஆம் ஆண்டு ஜூலை மாதம் மினசோட்டாவிலிருந்து விர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டுக்குக் குடிபெயர்ந்தோம். வேலை மாற்றம்தான் காரணம். ஏறக்குறைய 1,200 மைல், காரில் மூன்று நாள் பயணம். செய்தியைக் கேட்டதும் பாளையங்கோட்டையிலிருந்து ஆச்சி போன் செய்து அழுதார்கள். அதற்கு முந்தின வருஷம், 2017 ஆகஸ்ட் 12 அன்று, ரிச்மண்டிலிருந்து சுமார் 70 மைல் தொலைவிலுள்ள சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவெறியர்கள் கூட்டம் கூடினார்கள். அவர்களை எதிர்த்து நின்ற ஜனங்கள்மேல் ஒருவன் காரை ஏற்றியதில் ஹெதர் ஹையர் என்ற பெண் இறந்துபோனார். அந்தப் படங்கள் இங்கே டிவியிலும் வந்தன. "அந்தப் பக்கத்துக்கா பிள்ளைகளைக் கொண்டுபோகிறீர்கள்?" என்று ஆச்சி கேட்டார்கள். நல்ல கேள்விதான். எங்களிடம் அப்போது பதில் இல்லை.

ஆச்சிக்குத் தெரியாத வேறொரு சங்கதி எங்களுக்குத் தெரிந்திருந்தது. விர்ஜீனியாவில் 1924இல் ஒரு சட்டம் போட்டார்கள். வெள்ளையரானவர் வெள்ளையரைத் தவிர வேறு எவரையும் மணக்கக் கூடாது என்பது அதன் சாரம். கறுப்பர் மாத்திரமல்ல, ஆசியரும் அதில் அடக்கம். மீறினால் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. வேறு மாநிலத்துக்குப் போய்த் தாலி கட்டிக்கொண்டு திரும்பி வந்தாலும் அதே தண்டனை. அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த மாநிலத்துப் பெரிய குடும்பங்கள் சில, போகஹான்டஸ் என்ற பூர்வகுடிப் பெண்ணின் வம்சத்தார் என்று பெருமை பேசுவது வழக்கம். சட்டம் அவர்களையும் பிடித்துவிடக் கூடாதே! ஆகையால் பூர்வகுடி இரத்தம் பதினாறில் ஒரு பங்குவரை இருந்தால் பரவாயில்லை என்று ஒரு விலக்கு வைத்துக்கொண்டார்கள்.

எங்களைப் போன்ற ஒரு தம்பதியருக்கு அங்கே நடந்ததைக் கேளுங்கள. ஹான் சே நைம் என்பவர் சீனர், கப்பல் தொழிலாளி. ரூபி என்ற வெள்ளைக்காரப் பெண்ணை அவர் 1952இல் மணந்தார். விர்ஜீனியாவில் மணக்க முடியாது என்பதால் எல்லைக்கு அப்பால் வட கரோலினாவுக்குப் போய் மணம் முடித்து, விர்ஜீனியாவின் நார்போக் நகரில் குடியிருந்தார்கள். பின்பு அவர்களுக்குள் பிரிவு வந்து வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1955இல் விர்ஜீனியாவின் மேல்நீதிமன்றம், இது செல்லுகிற விவாகமே அல்ல என்று தீர்த்துவிட்டது. நாட்டின் உச்சநீதிமன்றமும் அந்த வழக்கில் தலையிடாமல் ஒதுங்கிக்கொண்டது. வட கரோலினாவில் கணவன் மனைவி, எல்லையைத் தாண்டினால் இரண்டு அந்நியர். நாங்கள் வீட்டுச் சாமான்களைப் பெட்டிகளில் கட்டிக்கொண்டிருந்த நாட்களில் இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தோம்.

ஆனாலும் எங்களை அதிகமாகத் தொட்டது லவ்விங் தம்பதியரின் சரித்திரம். ரிச்சர்ட் லவ்விங் வெள்ளையர், கொத்தனார். மில்ட்ரெட் கறுப்பினமும் பூர்வகுடியும் கலந்த குடும்பத்துப் பெண். ரிச்மண்டுக்கு வடக்கே கரோலைன் வட்டாரத்திலுள்ள சென்ட்ரல் பாயின்ட் என்ற சிற்றூர்க்காரர்கள். 1958 ஜூன் மாதம் வாஷிங்டன் நகருக்குப் போய் விவாகம் செய்துகொண்டு ஊர் திரும்பினார்கள். அடுத்த மாதமே ஒரு நாள் பின்னிரவில் ஷெரிப் அவர்களுடைய படுக்கையறைக்குள் வந்து நின்றார். சுவரில் மாட்டியிருந்த விவாகச் சான்றிதழைக் காட்டினார்கள். அது இங்கே செல்லாது என்று சொல்லி அவர்களைச் சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

1959 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. ஓராண்டுச் சிறை. ஆனால் மாநிலத்தை விட்டுப் போய், 25 வருஷங்களுக்கு இருவரும் சேர்ந்து திரும்பி வராமல் இருந்தால் தண்டனை நிறுத்திவைக்கப்படும். இதைச் சற்றுக் கவனியுங்கள். மில்ட்ரெட் தனியாகத் தாய்வீட்டுக்கு வரலாம். ரிச்சர்டும் தனியாக வரலாம். இருவரும் சேர்ந்து வருவதுதான் குற்றம். அவர்கள் வாஷிங்டனுக்குப் போய் உறவினர் வீட்டில் ஒதுங்கினார்கள். நாட்டுப்புறத்தில் வளர்ந்த மில்ட்ரெட்டுக்கு நகர வாழ்க்கை பிடிக்கவில்லை. பிள்ளைகளில் ஒருவன் தெருவில் கார் மோதி அடிபட்டான். 1963இல் மில்ட்ரெட் அப்போதைய அட்டர்னி ஜெனரலான ராபர்ட் கென்னடிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் ஏ.சி.எல்.யூ. என்ற உரிமைச் சங்கத்துக்கு அனுப்பப்பட்டு, பெர்னார்ட் கோஹன், பிலிப் ஹிர்ஷ்காப் என்ற இளம் வக்கீல்கள் இருவர் வழக்கை எடுத்துக்கொண்டார்கள்.

வழக்கு மறுபடியும் பழைய நீதிபதியிடமே வந்தது. தண்டனையை நீக்க மறுத்து அவர் 1965இல் எழுதின காரணத்தை இந்தக் கூட்டத்தில் சொல்லியே ஆகவேண்டும். தேவன் இனங்களை வெவ்வேறு கண்டங்களில் வைத்தார், ஆகவே அவை கலப்பது அவருடைய சித்தமல்ல என்பது அவருடைய வாதம். நீதிமன்றத் தீர்ப்பில் தேவனுடைய நாமம்! எண்ணாகமம் 12ஆம் அதிகாரத்தை அவர் வாசித்ததில்லை போலும். மோசே எத்தியோப்பியப் பெண்ணை மணந்ததைக் குறைசொன்ன மிரியாமுக்குத்தான் அங்கே தண்டனை வருகிறது. கத்தோலிக்க ஆயர்கள் சிலர் லவ்விங் தம்பதியர் பக்கமாக உச்சநீதிமன்றத்தில் எழுத்துமூலம் வாதம் கொடுத்தார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். 1967 ஜூன் 12 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தச் சட்டத்தைத் தள்ளினார்கள். அப்போது அப்படிப்பட்ட சட்டம் 16 மாநிலங்களில் இருந்தது.

வெள்ளைக்காரரின் அறியாமையை நினைத்து நாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் நம்முடைய கிறிஸ்தவப் பத்திரிகைகளின் "மணமகன் தேவை" பகுதியைத் திருப்பிப் பாருங்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல், வேலை, சம்பளம் எல்லாம் எழுதிவிட்டு, கூடவே சாதியையும் எழுதுகிறோம். எங்களில் ஒருவருடைய வீட்டிலும் அமெரிக்க மாப்பிள்ளையை ஏற்றுக்கொண்ட பெரியவர்கள், பக்கத்துத் தெருப் பையன் ஒருவனை ஏற்றிருப்பார்களா என்பது சந்தேகமே. இதை மனத்தாங்கலோடு சொல்லவில்லை. அவர்களே சிரித்துக்கொண்டு ஒத்துக்கொண்ட காரியம்.

நாங்கள் விட்டுவந்த மினசோட்டாவில் அப்படியொரு விவாகத் தடைச் சட்டம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதனால் எங்களுக்கு உள்ளூர ஒரு பெருமை. நல்ல ஊரை விட்டு ஆபத்தான ஊருக்குப் போகிறோம் என்பதுபோல் நண்பர்களும் பேசினார்கள். அது முழு உண்மையல்ல. 1910 முதல் மினியாபொலிஸ் நகரில் எத்தனையோ வீட்டுப் பத்திரங்களில், இந்த வீட்டைக் கறுப்பருக்கோ ஆசியருக்கோ விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று எழுதி வைத்தார்கள். மினசோட்டாவின் டுலூத் நகரில் 1920இல் கறுப்பின வாலிபர் மூவரை ஒரு கும்பல் தூக்கிலிட்டுக் கொன்றது. 2020 மே மாதம் ஜார்ஜ் பிளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலின்கீழ் இறந்ததும் மினியாபொலிஸில்தான். அந்த வாரம் ரிச்மண்டிலிருந்து நாங்கள் மினசோட்டாவுக்குப் போன் செய்து, "நீங்கள் பத்திரமா?" என்று விசாரித்தோம்! மாநிலத்தின் பெயரை வைத்து ஒரு குடும்பத்துக்கு என்ன நேரிடும் என்று சொல்லிவிட முடியாது.

சரி, எங்களுக்கு உண்மையில் என்ன நேரிட்டது? முதல் அனுபவம் ரிச்மண்டை அடையுமுன்னே, வழியில் ஒரு சாலையோர ஓட்டலில். மகனைத் தூக்கிக்கொண்டு அப்பா முன்னால், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா பின்னால். வாசலில் நின்ற பெண், "இருவரா?" என்று கேட்டு அப்பாவையும் மகனையும் ஒரு மேசைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பி வந்து எங்களிடம், "நீங்களும் இருவரா?" என்றாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. சாப்பிட்டு முடித்தபின் மேசைக்காரர் வந்து, "பில் சேர்த்தா, தனித்தனியா?" என்றார். மகள் அதை அன்றைக்கு எண்ண ஆரம்பித்தாள். கடைகளில், விமான நிலைய வரிசையில், நீச்சல் குளத்தில், "சேர்ந்து வந்தவர்களா?" என்ற கேள்வி முதல் ஒரு மாதத்தில் 14 தடவை வந்தது என்று நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அதன்பின் சலித்துப்போய் விட்டுவிட்டாள்.

அலுவலகக் காரியங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். டிரைவிங் லைசென்ஸை 60 நாளைக்குள் மாற்றவேண்டும். நர்ஸ் வேலைக்கான உரிமத்தை அந்தந்த மாநிலத்து வாரியம்தான் தருகிறது. ஒரு மாநில உரிமத்தை மற்ற மாநிலங்களும் ஏற்கும் ஒப்பந்தம் ஒன்று உண்டு. விர்ஜீனியா அதில் சேர்ந்திருந்தது, மினசோட்டா அப்போது சேரவில்லை. ஆகவே புதிதாக விண்ணப்பிக்கவேண்டி வந்தது. இதெல்லாம் எல்லாக் குடும்பத்துக்கும் வருகிற தொல்லை. வீடு பார்க்கும்போது மட்டும் நாங்கள் ஒரு காரியம் கூடுதலாகச் செய்தோம். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வாசலுக்கு எதிரே காரை நிறுத்திக்கொண்டு, பிள்ளைகள் வெளியே வருவதைப் பார்ப்போம். பல நிறத்துப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதை எந்தப் பட்டியலிலும் பார்க்கலாம். அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு வருகிறார்களா, நிறம் நிறமாகப் பிரிந்து வருகிறார்களா என்பதை வாசலில்தான் பார்க்க முடியும். மூன்று பள்ளிகளைப் பார்த்து மூன்றாவதின் அருகில் வீடு எடுத்தோம்.

மனது உடைந்த இரவு ஒன்றைப் பற்றிச் சொல்லவேண்டும். முதல் குளிர்காலத்தில் மகனுக்கு இரவு 11 மணிக்கு வீசிங் கண்டது. நாலு வயது. விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளே இழுக்கிறது, வாய் நிறையப் பேச முடியவில்லை. அப்பா வெளியூரில். தாயானவர் பிள்ளைகள் இருவரையும் காரில் போட்டுக்கொண்டு ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடினார். வரவேற்பு மேசையில் இருந்தவர் பையனைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இவனுடைய அம்மா எப்போது வருவார்கள்?" என்றார். "நான்தான்" என்று சொன்னபின்னும், "நீங்கள் பார்த்துக்கொள்ளும் பெண்ணா, வளர்ப்புத் தாயா?" என்று கேட்டு, உரிமையைக் காட்ட ஏதாவது ஆதாரம் உண்டா என்றார். எத்தனையோ குழந்தைகளுக்கு அதே நெபுலைசரை வைத்த நர்ஸ், தன் பிள்ளைக்கு வைக்கச் சொல்லி மேசைமுன் நின்று வாதாடினார். ஒன்பது வயது மகள் பக்கத்தில் நின்று, "அவன் என் தம்பி, இவங்க எங்க அம்மா" என்று உரக்கச் சொன்னாள்.

உள்ளே இருந்த நர்ஸ் ஒருவர் அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டு வெளியே வந்தார். யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பையனைத் தூக்கிக்கொண்டு, "அம்மா, நீங்களும் வாருங்கள்" என்று உள்ளே போய்விட்டார். அவசர நிலையில் வருகிற எவரையும் முதலில் பரிசோதிக்கவேண்டும் என்பது அமெரிக்காவில் 1986 முதல் சட்டம். மேசைக்காரருக்கும் அந்தச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். மூன்று தடவை நெபுலைசர் வைத்து, விடியுமுன் தேறி வீடு வந்தான். காத்திருந்தது ஆறேழு நிமிஷம்தான் இருக்கும். மூச்சுத் திணறுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றவர்களுக்கு அந்த ஆறேழு நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது தெரியும். அன்றுமுதல் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல் எங்கள் இரண்டு காரிலும் இருக்கிறது. அமெரிக்காவில் பேரப்பிள்ளை உள்ளவர்கள் இதை இன்றிரவே போனில் சொல்லிவிடுங்கள். அப்பாவும் மகளும் தனியாகப் போகும்போது அவருக்கும் அது தேவைப்பட்டிருக்கிறது.

ஆலயம் தேடின கதையையும் சொல்கிறோம். ஞாயிறு காலை 11 மணிதான் அமெரிக்காவில் மிகவும் பிரிந்து கிடக்கும் நேரம் என்று மார்ட்டின் லூதர் கிங் பல தடவை வருத்தப்பட்டார். அது இன்னும் பெருமளவுக்கு உண்மையே. வெள்ளையர் சபை ஒன்றில் அன்பாக வரவேற்றார்கள். ஆனால் எங்களில் ஒருவர் மிஷனரிப் பணிக்களத்திலிருந்து வந்த விருந்தாளி என்றே கடைசிவரை நினைத்தார்கள். இந்தியர் ஐக்கியம் ஒன்றில் பிரியாணியும் பழைய பாட்டுகளும் மனதுக்கு இதமாக இருந்தன. அங்கேயோ வெள்ளைக்கார மருமகனுக்கு ஆறு மாதமும் முதல் வரிசை நாற்காலிதான், ஒரு வேலையும் கொடுக்க மாட்டார்கள்! நாலாவதாகப் போன சபையில் கறுப்பர், வெள்ளையர், கொரியர் என்று எல்லாரும் இருந்தார்கள். வயதான கறுப்பின அம்மா ஒருவர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். இரண்டாம் வாரம், "குழந்தைகள் அறைக்கு மூன்றாம் ஞாயிறு ஆள் இல்லை, நீங்கள் இரண்டு பேரும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். ரூத் பெத்லகேமுக்கு வந்தபின்னும் வேதம் அவளை மோவாபிய ஸ்திரீ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. போவாஸ் அவளைச் சாப்பாட்டு வேளையில் அறுக்கிறவர்கள் அருகே உட்காரவைத்தார். எங்களை அந்த அம்மா டயப்பர் மாற்ற உட்காரவைத்தார். அந்தச் சபையில்தான் நிலைத்துவிட்டோம்.

மாநிலமும் மாறிக்கொண்டு வருகிறது, மெதுவாக. விர்ஜீனியாவில் விவாக விண்ணப்பத்தில் இனத்தைக் குறிப்பிட்டே ஆகவேண்டும் என்ற விதி 2019 வரை இருந்தது. மூன்று ஜோடிகள் வழக்குப் போட்டு, அவ்வருஷம் அக்டோபரில் ஒரு பெடரல் நீதிபதி அதைத் தள்ளினார். இன்னொரு பக்கம், தென் கரோலினா 1998இலும் அலபாமா 2000இலும்தான் கலப்பு மணத் தடையைத் தங்கள் அரசியல் சட்டத்திலிருந்து எடுத்தன. அலபாமாவில் ஓட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய 40 சதவீதத்தினர் எடுக்க வேண்டாம் என்றார்கள். மக்கள் கணக்கெடுப்பில் ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்கலாம் என்பதும் 2000இல்தான் வந்தது. அதற்குமுன் எங்கள் பிள்ளைகள் அப்பாவையோ அம்மாவையோ, ஒருவரைத்தான் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். வெள்ளையர் கறுப்பர் கலப்பு மணத்தை ஆதரிக்கிறீர்களா என்று காலப் நிறுவனம் 1958இல் கேட்டபோது ஆதரித்தவர்கள் 4 சதவீதம், 2021இல் 94 சதவீதம். பெற்றோர் இதைக் கேட்டுத் தைரியம் கொள்ளலாம். அந்த மேசையில் இருந்தவரும் அநேகமாக அந்த 94இல் ஒருவர்தான் என்பதையும் நாங்கள் மறக்கவில்லை.

2022 ஜூன் மாதம் பிள்ளைகளை சென்ட்ரல் பாயின்டுக்கு அழைத்துச் சென்றோம். வழக்கில் ஜெயித்தபின் ரிச்சர்ட் லவ்விங் தன் கையாலேயே கல் வைத்து அந்த ஊரில் வீடு கட்டினார். 1975இல், குடித்துவிட்டுக் கார் ஓட்டின ஒருவன் மோதி அவர் இறந்தார். மில்ட்ரெட் அதே விபத்தில் ஒரு கண்ணை இழந்து, 2008 வரை அவ்வூரிலேயே வாழ்ந்தார். இருவருடைய கல்லறையும் அங்கே இருக்கிறது. மகன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இங்கே சேர்ந்து இருக்கலாமா?" என்று கேட்டான். இருக்கலாம் என்றோம்.

ஆச்சி 2023இல் ரிச்மண்டுக்கு வந்து மூன்று மாதம் இருந்தார்கள். அந்த வயதான அம்மாவும் ஆச்சியும் ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாமலே சமையலறையில் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும்போது விமான நிலையத்தில் ஆச்சி மறுபடியும் அழுதார்கள், இந்தத் தடவை வேறு காரணத்துக்காக.

கேள்விகள் இருந்தால் கூட்டம் முடிந்தபின் வாசல் பக்கத்தில் நிற்போம். பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். அவர்களிடமே கேட்கலாம். மகளுக்குத் தமிழ் நன்றாக வரும். மகனுக்குச் சற்று நிதானமாகச் சொல்லவேண்டும்.